பொருள்: முத்திருளன் மீசை தொடர்பாக

கண் விழித்த முதல் அறுபது விநாடிகளில் யாரும் பொய் சொல்வதில்லை என்பது முத்திருளனின் கொள்கை. இதை அவர் எந்தச் சாமியாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ரௌட்டரிடம் கற்றுக்கொண்டார்.

நாற்பத்து மூன்று வயது. ஒத்தக்கடையில் வீடு. மதுரைக்குள் பதினேழு அலுவலகங்களில் ரௌட்டர் படுத்துக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். ரௌட்டர் என்பது அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களை வெளியுலகத்தோடு பேசவைக்கும் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் அது நேராக வேலைக்கு வந்துவிடாது. முதலில் உள்ளே ஒரு சின்ன நிரல் எழுந்திருக்கும். அதற்கு பூட் மானிட்டர் என்று பெயர். அது எழுந்துதான் பெரிய மென்பொருளை எழுப்பும். பெரியது எழுந்துவிட்ட பிறகு விசாரித்துப் பயனில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி எல்லாவற்றுக்கும் சிரித்து, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். ஆனால் சுவிட்சைப் போட்ட அறுபது விநாடிக்குள் லேப்டாப்பில் பிரேக் பொத்தானை அழுத்தினால் பெட்டி அந்த அரைத்தூக்கத்திலேயே நின்றுவிடும். அப்போது கேட்கலாம். உனக்கு மெமரி எவ்வளவு? உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது? கடைசியாக எங்கே மயங்கி விழுந்தாய்? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கூட ஒரு வார்த்தை பேசாது.

“இம்புட்டு நேர்மையா ஒரு மனுசன் பேசி நான் பார்த்ததில்ல” என்பார் முத்திருளன்.

வீட்டிலும் அதே முறைதான். கணக்குப் பரீட்சையில் எவ்வளவு என்று மகளிடம் சாயங்காலம் கேட்கமாட்டார். விடிந்ததும் பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். கண் திறந்ததும் கேட்பார். ஆறு மாதத்தில் மகள் விவரமாகிவிட்டாள். முழிப்பு வந்தும் கண்ணைத் திறக்காமல் மனசுக்குள் அறுபது எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். மனைவி சத்யப்ரியாவிடம் ஒருமுறை, “என்னயக் கட்டுனதுல உனக்குச் சந்தோசந்தானா?” என்று அதிகாலையில் கேட்டார். கண்ணைத் திறந்த சத்யப்ரியா, “பால்காரர் வந்துட்டாரா?” என்றாள். அந்தப் பதிலின் உட்பொருளை முத்திருளன் இரண்டு நாள் யோசித்தார்.

மீசையைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தொன்பது வயதில் வைத்தது. இரண்டு முனையும் மேல்நோக்கி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். சுற்றுக்குள் சுண்டுவிரல் நுழையும். அவர் ஆள் ஒல்லி, குரலும் மெல்லிசு. அலுவலகங்களில் செக்யூரிட்டி எழுந்து நிற்பது மீசைக்குத்தான் என்பது அவருக்கே தெரியும். அந்தத் தை மாதம் அதற்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. செக்கானூரணியில் இருக்கும் தங்கை மீனாவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அதற்காகப் பதினாறு அடியில் ஃபிளக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த போட்டோவில் மீசை நன்றாக விழுந்திருந்தது.

இது நடந்தது அதற்கு முந்தைய வியாழக்கிழமை.

தல்லாகுளத்தில் ஒரு விதை நிறுவனத்தின் தலைமை அலுவலகம். பதினோரு கிளைகள். மூன்று வாரமாக ரௌட்டர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து தானாக எழுந்துகொண்டிருந்தது. கோடைப் பருத்தி விதைக்கும் சமயம். எந்தக் கிளையில் என்ன விதை இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. திருமங்கலம் கிளையில் ஒரு விவசாயிக்குப் பருத்திக்குப் பதிலாகப் பாகற்காய் விதையைக் கொடுத்து, அவர் அதைத் திருப்பிக்கொண்டு வந்து மேஜைமேல் கொட்டிவிட்டுப் போயிருந்தார்.

முத்திருளன் போனபோது ராகேஷ் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனியின் மென்பொருள் ஆள். முப்பது வயது. வழவழவென்று சவரம் செய்த முகம். இருவரும் பல அலுவலகங்களில் ஒரே பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாதாடியவர்கள்.

“என்ன மாப்ள, காலைல இருந்து என்ன செய்யிற?”

“சாப்ட்வேர்தாண்ணே. ஃபைல் கெட்டுப்போச்சு. புதுசா ஏத்திவிட்டாச் சரியாயிரும்.”

“எத்தன தடவ ஏத்துன?”

“மூணு தடவ.”

“மூணு தடவ ஊட்டியும் பிள்ள வாந்தி எடுக்குதுன்னா சோறு கெட்டுப்போச்சும்பியா, வயிறு கெட்டுப்போச்சும்பியா?”

“கடைய மாத்திப் பார்ப்பேண்ணே. நாலாவது தடவ வேற கடைல வாங்கி ஊட்டுவேன்.”

“நீயெல்லாம் நாளைக்குப் பிள்ள வளர்த்துருவ.”

அலுவலகக் கண்காணிப்பாளர் மாயக்காள் தன் மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தினார். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வுபெற்று இங்கே வந்தவர். கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எதையும் எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் அது பாதி தீர்ந்த மாதிரி என்று நம்புகிறவர்.

“ரெண்டு பேரும் மாறி மாறிச் சொல்றீங்க. யாராவது ஒருத்தர் உறுதியாச் சொல்லுங்கப்பா” என்றார்.

முத்திருளன் உறுதியாகச் சொன்னார். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டார்.

“இது ஹார்டுவேர் கோளாறு மேடம். இல்லேன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்.”

அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு மதுரையில் யாரும் திரும்ப வாங்கிக்கொண்டதில்லை. சொன்ன பிறகுதான் முத்திருளனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

“அப்ப நானும் சொல்றேன்” என்று ராகேஷ் எழுந்தான். “ஹார்டுவேர்னு காட்டிட்டீங்கன்னா நான் மீசை வளர்க்கிறேண்ணே. எனக்கு நல்லா வளராது. இருந்தாலும் வளர்க்கிறேன்.”

மாயக்காள் கம்பெனி முகவரித் தாளை எடுத்தார். ‘பொருள்: திரு. முத்திருளன் அவர்களின் மீசை தொடர்பாக. பார்வை: இன்று முற்பகல் 11.20 மணிக்கு மேற்படியார் வாய்மொழியாகக் கூறியது’ என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, வரிசை எண் போட்டார். அதன்பிறகு அது விளையாட்டாக இல்லை.

முத்திருளன் பையிலிருந்து நீலநிறத் தட்டை வயரை எடுத்து ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையில் மாட்டினார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஃபேனுக்கும் ரௌட்டருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் விசாரணை நடக்கும்போது இரைச்சல் இருக்கக்கூடாது.

“மூச்சு விடலாமா?” என்றார் மாயக்காள்.

“மெதுவா விடுங்க மேடம்.”

சுவிட்சை அணைத்துப் போட்டார். பெட்டி உறுமியது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. முத்திருளன் பிரேக் பொத்தானைத் தட்டினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. கடைசியில் ஒரு சின்னக் கேள்வி அடையாளம் மாதிரி கர்சர் துடித்துக்கொண்டு காத்திருந்தது.

“வந்துட்டான்” என்றார் முத்திருளன் கிசுகிசுப்பாக. “இப்பக் கேக்குறேன்.”

அந்தப் பெட்டியில் இரண்டு மெமரி அட்டைகள். ஒவ்வொன்றும் 256 எம்.பி. சேர்த்து 512 இருக்கவேண்டும். குறைந்தால் அட்டையில் கோளாறு என்று அர்த்தம். மெமரி எவ்வளவு என்று தட்டினார்.

512 என்றது பெட்டி.

ராகேஷ் தொண்டையைச் செருமினான். “பிளேடு வாங்கியாரவாண்ணே?”

“ஒரு தடவ கேட்டாப் போதாது மாப்ள.”

இரண்டாவது முறை அணைத்துப் போட்டார். 512. முத்திருளனின் விரல் தானாக மீசையின் வலது முனைக்குப் போய்த் திரும்பியது. கடைசியாக எங்கே விழுந்தாய் என்று கேட்டார். எண்களாகக் கொட்டியது. அதன் நடுவில் மெமரியின் பின்பாதியில், அதாவது இரண்டாவது அட்டையில், ஓர் இடத்தைத் தொடப்போய் விழுந்த தடம் இருந்தது. ராகேஷிடம் காட்டினார். கெட்டுப்போன ஃபைலும் கண்ட இடத்தைத் தொடப்போகும் என்றான் ராகேஷ். அதுவும் உண்மைதான்.

“சூடாகட்டும்” என்றார் முத்திருளன். “குளிர்ல இருக்கும்போது எவனும் ஒழுங்காத்தான் இருப்பான்.”

ஏ.சி.யை நிறுத்தினார்கள். கால் மணி நேரம் மூன்று பேரும் வியர்த்தார்கள். போன்கள் அடித்தபடி இருந்தன. உசிலம்பட்டி கிளைக்காரர், கம்பெனியை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். “மீசை விசயமா இருக்கோம், அப்புறம் கூப்பிடுங்க” என்று மாயக்காள் வைத்துவிட்டார்.

மூன்றாவது முறை. பிரேக். கேள்வி.

256.

முத்திருளன் நாற்காலியிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். “பாதி மெமரியக் காணோம்! பாருங்க மேடம், பாதியக் காணோம்!” திருட்டுப் போனதைச் சொல்பவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை மாயக்காள் பார்த்ததில்லை.

ராகேஷ் திரையைக் குனிந்து பார்த்தான். “எண்ணுறதுலயே தப்பு வரலாம்ல? அட்டைய மாத்திப் போடுங்க. சூட்டுலயே மூணு தடவ 512 காட்டுனா நான் தோத்தேன். நான் கீழ போயி டீ சாப்ட்டு வாரேன்.” மாயக்காள் பக்கத்து அறையில் அடித்த போனை எடுக்கப் போனார்.

முத்திருளன் தனியாக இருந்தார். மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். இரண்டாவது அட்டையின் கொக்கிகளை விலக்கி உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

அட்டையின் அடியில், தங்கநிறப் பற்கள் வரிசையாக இருக்கும் இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது; அது ஏற ஏற, சூட்டில் பற்கள் தொடர்பை விட்டிருக்கின்றன.

யார் வைத்தது என்று அவர் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஆயுத பூஜை. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்கள். தராசு, ஸ்டேப்ளர், தண்ணீர் கேன், வாசல் பைக்குகள். தூசி தட்ட வந்த முத்திருளன் ரௌட்டரைத் திறந்து வைத்திருந்தார். மாயக்காள் தட்டை நீட்டி, “மேல வச்சா போதும்ல?” என்று கேட்டார். “வேல செய்யிறது உள்ளதான மேடம்” என்று சொல்லிவிட்டு முத்திருளன்தான் ஒவ்வொரு பாகமாக வைத்தார். மின்விசிறிக்கு, பலகைக்கு, அட்டைகளுக்கு. முதல் அட்டைக்கு நெற்றி மாதிரி மேலே வைத்தார். இரண்டாவதை அவசரத்தில் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

போன் அடித்தது. மீனா.

“அண்ணே, ஃபிளக்ஸ் கட்டியாச்சு. நல்லாருக்கு. பஸ்ஸுல போறவக எட்டிப் பாக்குறாக.”

“பாப்பா நல்லா விழுந்திருக்கா?”

“பாப்பா எங்க தெரியுது? உன் மீசைதான் தெரியுது. பாப்பா மேல நிழல் மாதிரி விழுந்து கெடக்கு. சரி, ஞாயித்துக்கெழம வெரசா வந்துரு.”

முத்திருளன் போனை வைத்தார். பையில் பென்சில் ரப்பர் இருந்தது. மெமரி அட்டையின் பற்களைத் துலக்க அதைவிட நல்ல பொருள் இன்னும் வரவில்லை. நாலு தேய்ப்பு. சந்தனம் போய்விடும். யாருக்கும் தெரியாது. ரப்பரை அட்டைக்கு அருகில் கொண்டுபோனார். பொட்டு அவரைப் பார்த்தது. பூஜையில் வைத்த பொட்டு. பிள்ளைக்குக் காதுகுத்தப் போகிற வாரத்தில் அதை ரப்பரால் அழிப்பதா? கை ஓடவில்லை. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை ரப்பரை மேஜைமேல் வைத்துவிட்டு, பொட்டோடு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன்னிடமிருந்த மாற்று அட்டையைப் பெட்டியில் சொருகினார்.

ராகேஷ் வந்தான். மாயக்காளும் வந்தார். வியர்க்க வியர்க்க மூன்று முறை கேட்டார்கள். 512. 512. 512. பிறகு பெட்டியை முழுதாக எழவிட்டார்கள். இருபது நிமிடம் கழிந்தது. நாற்பது கழிந்தது. அணையவில்லை. பதினோரு கிளைகளும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

“சரிண்ணே” என்றான் ராகேஷ். மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“கழட்டுனது எங்க?” என்றார் மாயக்காள்.

“எது மேடம்?”

“கெட்டுப்போன அட்டை. கழட்டுன சாமானுக்கு அடையாளம் எழுதி வாங்கி வைக்கணும்ல.”

“அது வேஸ்ட்டு மேடம். நானே போட்டுருவேன்.”

“ஒரு குண்டூசியக்கூட நான் அப்படி விட்டதில்ல. குடுங்க.”

முத்திருளன் சட்டைப்பையில் கைவைத்தார். பிறகு அட்டையை எடுத்து மேஜைமேல் பொட்டு தெரிகிற பக்கமாகவே வைத்தார்.

“நான்தான் வச்சேன் மேடம். ஆயுத பூஜைக்கு.”

மாயக்காள் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “நம்ம சந்தனந்தான்” என்றார். “பன்னீரு விட்டு நானே கொழச்சேன்.”

ராகேஷ் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போய்ச் சிரித்தான். சிரித்து முடித்ததும் நிமிர்ந்தான். “மேடம், அப்ப இது ஹார்டுவேர் கோளாறே இல்ல. அட்டை நல்ல அட்டை. இது சந்தனக் கோளாறு. மீசைய எடுக்கணும்.”

“சந்தனம் என்ன சாப்ட்வேரா?” என்றார் முத்திருளன். “டவுன்லோடு பண்ணியா வச்சேன்?”

“சாப்ட்வேர்னு நான் சொல்லல. ஹார்டுவேர் இல்லங்கறேன். தாள்ல என்ன இருக்கு? ஹார்டுவேர் இல்லேன்னா மீசை.”

மாயக்காள் தாளை எடுத்துப் படித்தார். அப்படித்தான் இருந்தது. பேனாவைத் திறந்தார். “எனக்கு ரெண்டும் தெரியாது. ஹார்டுவேர்னா என்ன, சாப்ட்வேர்னா என்ன? ஒரு வரில சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்.”

“கையால தொட முடிஞ்சா ஹார்டுவேர் மேடம். முடியாட்டி சாப்ட்வேர்” என்றான் ராகேஷ். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாயக்காள் ஆள்காட்டி விரலால் சந்தனத்தைத் தொட்டார். “தொட்டுட்டேன்” என்றார். தொட்ட விரல் பழக்கத்தில் நேராக நெற்றிக்குப் போய் ஒரு கீற்று இட்டுக்கொண்டது.

“ஆனா வச்சது மனுசன் மேடம்! இது இவர் செஞ்ச தப்பு. தப்பத் தொட முடியுமா?”

“தப்பத் தொட முடியாது. அவரத் தொடலாம்ல.”

ராகேஷ் வாதத்தை இழந்தவனாக முத்திருளனின் தோளை ஒரு விரலால் குத்திப் பார்த்தான். தொட முடிந்தது.

“அப்ப ஹார்டுவேர்தான்” என்று எழுதினார் மாயக்காள். முத்திருளன் நீண்ட மூச்சு விட்டார். ஆனால் பேனா நிற்கவில்லை.

“மீசை இருக்கட்டும். ஆனா மூணு வாரம் பதினோரு கெளையும் என் காதுல கத்துச்சே, அதுக்கு யாரு பொறுப்பு? உள்ள வைக்கவேணாம்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?”

“கேட்டீங்க மேடம். சொல்லல.”

“கேட்டாச் சொன்ன மாதிரிதான். அலுவலகத்துல அப்படித்தான்.” எழுதியதை வாசித்தார்: “‘மேற்படி மீசையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. எனினும், ஏற்பட்ட இடையூறினைக் கருதி, அதன் இருபுறத்து முறுக்குகள் மட்டும் நீக்கப்படவேண்டும்.’ ராகேஷும் வளர்க்கணும். ஒரு மண்டலம்.”

“மேடம், ஞாயித்துக்கெழம எனக்கு...”

“மேல்முறையீடு கெடையாது.”

விதைப் பொட்டலம் வெட்டும் கத்தரிக்கோலை ராகேஷ் கொண்டுவந்தான். இடது பக்கம் ஒரு வெட்டு. வலது பக்கம் ஒரு வெட்டு. இருபத்து நான்கு வருட முறுக்குகள் இரண்டும் பழைய முகவரித் தாள் ஒன்றின்மேல் விழுந்தன. மாயக்காள் அவற்றை மடித்து, கோப்பில் அட்டையோடு சேர்த்துப் பின் அடித்தார்.

வீட்டில் மகள் பார்த்தாள், சத்தமில்லாமல் போய் அம்மாவை அழைத்துவந்தாள். சத்யப்ரியா சுற்றிவந்து பார்த்தாள். “இப்பத்தான் மூக்கு தெரியுது” என்றாள். அது நல்லதா கெட்டதா என்று அவள் சொல்லவில்லை. முத்திருளன் மறுநாள் விடியலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் அவளுக்கு முன்னால் அவர் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணியில் இறங்கியதும் ஃபிளக்ஸ் தெரிந்தது. அரைமைல் தூரத்துக்கு முறுக்கு தெரிந்தது. மண்டப வாசலில் நின்ற சின்னச்சாமி, மீனாவின் புருஷன், ஃபிளக்ஸையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வாங்க மச்சான்” என்று சொல்ல இரண்டு விநாடி எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு பெரியவர், “தாய்மாமன் எப்பத் தம்பி வருவாரு?” என்று முத்திருளனிடமே கேட்டார். இந்த நேரத்தில் ராகேஷ் வேறு தன் மேலுதட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை.

மீனா வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. போட்டோக்காரர் விளக்கைப் போட்டுவிட்டார், ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அவள் பிள்ளையின் பையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்தாள்.

“ஆடாத. ஒக்காரு.”

“வேணாம் மீனா. எல்லாரும் பாக்குறாக.”

“ஃபிளக்ஸுல இருக்கறவன் வரலேன்னு ஊரெல்லாம் பேசணுமா? கன்னத்தக் காட்டு.”

இரண்டு கன்னத்திலும் முறுக்கு ஏறியது. மையில் வரைந்தது அசலைவிடக் கறுப்பாக இருந்தது. பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்தார்கள். ஆசாரி குனிந்தார். நாலு பேர் அழுகைக்குத் தயாராகக் கிலுகிலுப்பையும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பாப்பா அழவில்லை. மாமன் கன்னத்தில் சுருண்டிருந்த கறுப்பு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி இறங்கியது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. மெல்லக் கையை நீட்டி வளையத்தைப் பிடித்தாள். அது கையோடு வந்துவிட்டது. கையைப் பார்த்தாள். சிரித்தாள்.

“ரெண்டாவது காது” என்றார் ஆசாரி. “இப்படியே இருங்க மாமா, அந்தப் பக்கக் கன்னத்தத் திருப்புங்க.”

முத்திருளன் திருப்பினார்.